ஆறிய இரும்பு

"மெக்கானிக்கிட்ட கொண்டுவந்தா மட்டும் சத்தம் வரவே மாட்டேங்குது," என்றார் தணிகாசலம்.

பவுலின் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே, இறக்கத்தில், தகரக் கூரை போட்ட மெக்கானிக் ஷெட் அவளுடையது. அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அவருக்கு நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் கார் ஓட்டியவர். மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் ஸ்டாண்டை எந்தக் காலால் தள்ளுவது என்று இன்னும் யோசிப்பார்.

"என்ன சத்தம்?"

"டிக் டிக் டிக்னு. நகத்தால தகரத்தைத் தட்டற மாதிரி. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் வரும். கொஞ்ச தூரம் போனா நின்னுடும்."

"எத்தனை நாளா இருக்கு?"

"தெரியலை. வண்டி என்னோடது இல்லை. தம்பியோடது."

"அப்ப தம்பியைக் கேட்டுட்டு வாங்க சார்."

"அவன் இல்லை."

பவுலின் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நாப்பது நாள் ஆச்சு," என்றார்.

அவள் குனிந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"சூடா இருக்கு."

"ஓட்டிட்டுத்தானே வந்தேன்."

"நாளைக்கு வாங்க."

"ஞாயித்துக்கிழமை நான் சென்னைக்குக் கிளம்பறேன்மா. அதுக்குள்ள சரியாகணும்."

"வண்டியா?"

"வண்டிதான். மத்ததெல்லாம் சரியா இருக்கு. தம்பி சம்சாரத்தைத் தினம் சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வர்றேன். பால்வாடி வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பிச்சிருக்கா. நல்லா இருக்கா. இந்தச் சத்தம் ஒண்ணுதான் பாக்கி. இதையும் முடிச்சு வண்டியை அவங்க வாசல்ல நிறுத்திட்டா, நிம்மதியாப் போவேன்."

"நாளைக்கு வாங்க," என்றாள் பவுலின் மறுபடியும்.

*

மறுநாள் புதன்கிழமை. விடிந்ததும் வந்துவிட்டார். லாட்ஜிலிருந்து ஷெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். காது மடல் விறைக்கிற குளிர். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, சீக்கிரம் வந்த பெருமையோடு இறங்கினார்.

பவுலின் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கு."

"மணி ஆறரைகூட ஆகலை!"

"மணிக்கும் இதுக்கும் என்ன சார்? ஓட்டிட்டு வந்தீங்களா இல்லையா?"

"ஓட்டாம தலையில வெச்சா கொண்டுவருவாங்க?"

"உருட்டிட்டு வாங்க."

அவர் அங்கேயே நின்றார்.

"ரெண்டு மெக்கானிக்கிட்ட போய்ட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். ஒருத்தர் பார்த்ததும் டாப்பெட்டுன்னார். இன்னொருத்தர் டைமிங் செயின்னார். உங்களால மட்டும் சொல்ல முடியலையா?"

"அவங்க சத்தத்தைக் கேட்டாங்களா?"

"இல்லை. நான் சொன்னதைக் கேட்டாங்க."

"நான் சத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள்.

*

அன்று சாயங்காலம் வழக்கம் போல யசோதாவுக்கு போன் செய்துவிட்டு, வண்டியில் ஏறிப் போனார்.

தம்பி குணாளனின் வீடு மேட்டில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி. மூன்று வளைவு ஏற வேண்டும். அவர் போய்ச் சேரும்போது யசோதா முகம் கழுவி, தலை வாரி, வாசலில் நின்றிருந்தாள். தட்டில் வாழைக்காய் பஜ்ஜி. டீயில் ஆவி பறந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு மாமா."

"தூக்கம் வருதா?"

"நல்லாத் தூங்கறேன்."

"நான் வரும்போது எல்லாம் சுடச்சுட ரெடியா இருக்கே, எப்படி?"

"முதல் வளைவுலயே உங்க வண்டிச் சத்தம் கேட்டுடும் மாமா. உடனே எழுந்து அடுப்பைப் பத்த வெச்சுடுவேன்." சிரித்தாள்.

அவரும் சிரித்தார். பஜ்ஜியில் இரண்டை மிச்சம் வைத்துவிட்டு, திருப்தியாக இறங்கி வந்தார்.

*

வியாழக்கிழமை உருட்டிக்கொண்டு வந்தார்.

முதல் கிலோமீட்டர் ஏற்றம். வழியில் பால் வண்டிக்காரர் நிறுத்தி, "பெட்ரோல் தீர்ந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார். "பஞ்சருங்களா?" அதுவும் இல்லை என்றார். பால் வண்டிக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பவுலின் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. யோசித்தாள்.

"லேசா சூடு இருக்கே சார்."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணினீங்களா?"

"ஒரே ஒரு தடவை. கிளம்பறதுக்கு முன்னாடி. சத்தம் இருக்கான்னு பார்க்கத்தான். சத்தம் இல்லாம இவ்வளவு தூரம் உருட்டிட்டு வந்து நின்னா, என்னைப் பைத்தியம்னு நினைச்சுடுவீங்களேன்னு..."

"இப்ப என்ன நினைக்கிறேன்னு நினைக்கிறீங்க?"

அவரால் சிரிக்க முடியவில்லை. மடக்கு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சத்தம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. நல்லாக் கேட்டுச்சு."

"ரெண்டு நிமிஷம்?"

"ரெண்டு நிமிஷம்தான்."

"எனக்குக் காட்டணும்னுதான் கொண்டுவர்றீங்க. கொண்டுவர்ற வழியிலேயே அதை மறைய வெச்சுடறீங்க." கையைத் துணியில் துடைத்தாள். "சாவியை எடுத்துக்கங்க. வண்டி இங்கயே கிடக்கட்டும். காலையில ஆறு மணிக்கு நடந்து வாங்க. நீங்க வர்றவரைக்கும் நானும் தொடமாட்டேன்."

அன்று சாயங்காலம் யசோதாவுக்கு போன் செய்து, இன்றைக்கு வண்டி இல்லை, வரமுடியவில்லை என்றார்.

"பரவாயில்லை மாமா," என்றாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

*

வெள்ளிக்கிழமை காலை பனிமூட்டம் ஷெட் வாசல் வரை வந்து நின்றது. பவுலின் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு எஞ்சின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

"ஆறிடுச்சு," என்றாள். "நீங்களும் வைங்க."

வைத்தார். இரும்பு பனிக்கட்டி மாதிரி இருந்தது.

ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தாள். பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் ஊன்றச் சொன்னாள்.

"நானா?"

"சத்தம் கேட்குதுன்னு சொன்னது நீங்கதானே?"

கிக்கரை உதைத்தாள். வண்டி இருமிவிட்டு உயிர் பெற்றது.

டிக் டிக் டிக் டிக்.

"வருது!" என்று கத்தினார்.

"தெரியுது. எங்கேயிருந்து?"

தலைப்பகுதியில் ஊன்றினார். அங்கே வேறு ஏதேதோ ஓடியது. பக்கவாட்டில் ஊன்றினார். அங்கேயும் இல்லை. சத்தம் எல்லா இடத்திலும் இருந்தது, எந்த இடத்திலும் இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

பவுலின் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஸ்க்ரூடிரைவரை வாங்கிக் கீழே போட்டாள். அவர் கையை விரித்து, சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தொடவிடவில்லை.

"என்ன படுது?"

"காத்து." பிறகு சொன்னார், "விட்டு விட்டு... மூச்சு மாதிரி."

"சத்தத்தோட சேர்ந்து வருதா?"

"ஆமா. ஒவ்வொரு டிக்குக்கும் ஒண்ணு."

அவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் மெல்லிய கரி.

"டாப்பெட்டும் இல்லை, செயினும் இல்லை. இந்த இணைப்புல உள்ள வளையம் தேஞ்சு போயிருக்கு. சந்து வழியாப் புகை தப்பிச்சு வருது. அவ்வளவுதான்."

இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். டிக் டிக் மெலிந்தது. இடைவெளி விட்டது. பிறகு இல்லை. வண்டி சீராக, இதமாக ஓடியது.

"போயிடுச்சு!" என்றார்.

"போகலை. சூட்டுல இரும்பு விரிஞ்சு சந்தை மூடிக்கிச்சு. ஆறினா திறந்துக்கும்."

எஞ்சினை நிறுத்தினாள்.

அந்த அமைதியில் அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணாளன் ஒரு தடவை சொன்னான்," என்றார்.

"வண்டிச் சத்தத்தைப் பத்தியா?"

"இல்லை." கையிலிருந்த கரியைத் தேய்த்தார். "காலையில எழுந்ததும் நெஞ்சைப் பிடிக்குதுண்ணே, மார்க்கெட் வரைக்கும் நடந்தா விட்டுடுதுன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விட்டுடுதில்ல, அப்புறம் என்னடான்னேன்."

பனியில் எங்கோ பஸ் ஹாரன் அடித்தது.

"வாரா வாரம் போன் பண்ணுவேன். ஒரு வாரம்கூடத் தவறினது இல்லை. நல்லா இருக்கேன்ணே, நல்லா இருக்கேன்ணேன்னுதான் சொல்வான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்வான்."

"எப்பப் பண்ணுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஏழு மணிக்கு."

"எப்பவுமா?"

"இருபத்திரண்டு வருஷமா."

பவுலின் ஸ்பானரை எடுத்து, வைத்தாள்.

"மன்னிப்புக் கேக்கக்கூட யாரும் இல்லைம்மா," என்றார். "இப்ப நான் என்ன பண்றது?"

அவள் அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவி."

வண்டியிலிருந்து உருவிக் கொடுத்தார்.

"தம்பி வீட்டுக்கு எப்பப் போறீங்க?"

"சாயங்காலம். போன் பண்ணிச் சொல்லிட்டு."

"இப்பப் போங்க. நடந்து போங்க. போன் வேண்டாம்."

"இப்பவா? மணி ஏழுகூட ஆகலை. அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்?"

பவுலின் ஷெட்டுக்குள் திரும்பிவிட்டாள்.

"சூடாகறதுக்குள்ள போங்க சார்," என்றாள்.

*

மூன்று வளைவுகளும் நடக்கும்போது வேறு மாதிரி இருந்தன. அவர் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

வாசல் பெருக்கவில்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தட்டப் போனவர் தொட்டதும் அது திறந்துகொண்டது.

"யசோதா?"

சமையலறையில் விளக்குப் போடவில்லை. அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். குணாளனின் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். அதன் கை நுனிகள் தொங்கின. தலை வாரி இரண்டு நாள் ஆகியிருக்கும்.

அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"மாமா! வண்டிச் சத்தமே கேட்கலையே!"

"வண்டி ஷெட்ல இருக்கும்மா."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே..." முடியை ஒதுக்கினாள். விளக்கைப் போட்டாள். முகத்தைத் துடைத்தாள். எல்லாம் ஒரே நேரத்தில் செய்தாள். "உட்காருங்க மாமா. இதோ டீ."

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு மாமா. இட்லி ஊத்தினேன். இப்பத்தான் சாப்பிட்டுட்டு அடுப்பை அணைச்சேன்." டீத்தூள் டப்பாவைத் தேடி எடுத்தாள். "நல்லாத்தான் இருக்கேன். நீங்க கவலைப்படாம ஞாயித்துக்கிழமை கிளம்புங்க."

மேடையில் புதன்கிழமைத் தட்டு அப்படியே இருந்தது. அவர் மிச்சம் வைத்த இரண்டு பஜ்ஜி. பக்கத்தில் அவர் குடித்த டம்ளர். வேறு பாத்திரம் எதுவும் புழங்கிய அடையாளம் இல்லை.

தணிகாசலம் அடுப்பின் அருகே போனார். பர்னர் மேல் உள்ளங்கையை வைத்தார்.

யசோதா அந்தக் கையைப் பார்த்தாள்.

அவர் கையை எடுக்கவில்லை.

"எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டார்.

யசோதா டீத்தூள் டப்பாவைக் கீழே வைத்தாள்.