தலை தூக்காத தூரம்

“எதை எடுத்துட்டு ஏறட்டும், அம்மிணி?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

வேட்டைத் தடுப்பு முகாமின் வாசலில் சாக்கை விரித்து, இரண்டு கேமராக்களை அதன்மேல் வைத்திருந்தார். இரண்டும் கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்தவை.

ஒன்று பெரியது. லென்ஸ் மட்டுமே முழங்கை நீளம். எடை மூன்று கிலோ. படம் தெளிவாக விழும்.

மற்றது சிறியது. கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். அறுபது மடங்கு ஜூம். எதிர் மலையில் நிற்பதைக்கூட இழுத்துவந்து காட்டும். மேகம் மூடினால் மட்டும் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

மயிலாத்தா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முகாமின் காவலர். வயது முப்பத்தாறு. தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. நான்கு வருடமாக அவள் பின்னால் மலை ஏறுகிறார். அவளுடைய சீடன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அவள் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

“பெருசு தோள அறுக்குது. சின்னதுல ஜூம் போட்டா என் கை நடுக்கமெல்லாம் படத்துல தெரியுது. சலிச்சுப்போச்சு அம்மிணி.”

“சலிச்சா வீட்டுல படுத்திருக்கலாமுங்களே.”

“திங்கக்கிழமை முட்டி ஆபரேஷன். அதுக்கப்புறம் மலைப்பக்கமே போகக்கூடாதுன்னுட்டார் டாக்டர். நாளைக்கு ஏறுறதுதான் கடைசி.”

அவள் கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“வரையாடு குட்டியோட நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம். நாலு வருசத்துல ஒரு குட்டியக்கூட நான் கண்ணுல பாத்ததில்ல.”

மயிலாத்தா முறத்தைக் கீழே வைத்தாள்.

“இதுவரைக்கும் எடுத்ததக் காட்டுங்க.”

அவர் செல்போனைக் கொடுத்தார். வரையாடு. கடமான். மலை அணில். சிங்கவால் குரங்கு. மறுபடி வரையாடு. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“கண்ணப் பாரு அம்மிணி. அத்தனையும் நேரா என்னையவே பாக்குது. பொள்ளாச்சி போட்டோ கிளப்புல இதுக்குத்தான் கப்பு குடுத்தாங்க.”

கடைசிப் படம் வரை பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“இதுக எதுவும் திங்கறதே இல்லீங்களா?”

அவருக்குப் புரியவில்லை.

“நீங்க பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவர்தானுங்க?”

“முப்பது வருசம்.”

“நீங்க ஏறுனதும் பஸ்ஸே தலையத் தூக்கிப் பாக்குமல்லங்க. அதே மூஞ்சிதானுங்க இதுகளுக்கும்.”

அவர் செல்போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எந்தக் கேமரா என்று அவள் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. காலையில் வீம்புக்குப் பெரியதையே தூக்கிக்கொண்டார்.

மூன்று மணி நேர ஏற்றம். நாலைந்து இடத்தில் உட்கார்ந்தார். கடைசித் திருப்பத்தில், கல்லெறி தூரத்தில், புல்சரிவில் ஒரு பெட்டை வரையாடு மேய்ந்துகொண்டிருந்தது. தனியாக.

பாறையில் சாய்ந்து கேமராவைத் தூக்கினார். ஆடு தலையை நிமிர்த்தியது. காதுகள் முன்னால் வந்தன. நேராக அவரைப் பார்த்தது. கொம்பு முதல் குளம்பு வரை கேமராவின் கட்டத்துக்குள் இருந்தது.

“பின்னால வாங்க” என்றாள் மயிலாத்தா.

“ஒண்ணே ஒண்ணு.”

“ஆடு தலையத் தூக்குனா இருபது அடி பின்னால போயிரோணும். ரோந்து வர்ற எங்களுக்கு அதுதானுங்க வழக்கம்.”

“எனக்கு இது கடைசி ஏத்தம் அம்மிணி.”

“அது ஆட்டுக்குத் தெரியாதுங்க.”

அவர் கேமராவை இறக்கினார்.

இருபது அடி இறங்கினார்கள். ஆடு பார்த்துக்கொண்டே இருந்தது. இன்னும் இருபது அடி. ஒரு வாய் மேய்ந்துவிட்டு மறுபடி நிமிர்ந்தது. அது நிமிர நிமிர, இருபது இருபது அடியாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைப் பிடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினார். காலையில் அரை மணி நேரம் ஏறியது கைவிட்டுப்போனது.

“செக்கிங் இன்ஸ்பெக்டரையே பஸ்ஸ விட்டு இறக்கிட்டயே.”

“உக்காருங்க. பேசாதீங்க.”

உட்கார்ந்தார். மேலே ஆடு ஒரு பழுப்புத் திட்டாகத் தெரிந்தது.

அது தலையைத் தாழ்த்தியது. புல்லைப் பிடுங்கியது. ஓர் எட்டு வைத்தது. மறுபடி பிடுங்கியது. நெடுநேரம் நிமிரவே இல்லை.

பாறைக்குப் பின்னாலிருந்து குட்டி வந்தது.

உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு, தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து மடியை முட்டியது. தாய் பின்னங்காலை அகட்டிக்கொடுத்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. இன்னொரு பெட்டை வந்தது. அதன் பின்னாலும் ஒரு குட்டி.

தெய்வசிகாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தார்.

திரையில் பார்த்தார். புல், பாறை, நடுவில் கட்டைவிரல் நகமளவு தாய். அதனடியில் குட்டி ஒரு நெல்மணியாக இருந்தது. பெரிதாக்கினால் கலங்கியது. அதற்குமேல் அந்த லென்ஸ் எட்டாது.

“சின்னதக் கொண்டாந்திருக்கோணும்” என்றார்.

“ஆமாங்க.”

“அறுபது மடங்கு அம்மிணி! இங்கிருந்தே குட்டியோட மூக்கு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்!”

குரல் உயர்ந்துவிட்டது. மேலே தாய் ஆடு தலையைத் தூக்கியது. குட்டிகள் பாறைக்குப் பின்னால் போய்விட்டன.

மயிலாத்தா எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

“சின்னது இருந்திருந்தா இன்னும் நூறடி பின்னால போயிருக்கலாமுங்க.”