புகை போன இடம்

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. ஊர் சிரித்தது. ஆதிமூலத்துக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

மூன்று வருடம் முன்பு, அறுவடை முடிந்த கையோடு வயலில் நின்ற நெல்தாளுக்கு அவர் தீ வைத்தார். எல்லோரும் வைப்பதுதான். அன்று காற்று திரும்பிப் புகை நெடுஞ்சாலையை மூடியது. பைக்கில் வந்த ஒருவன், நின்றிருந்த லாரி தெரியாமல் மோதிச் செத்தான். விபத்து என்று எழுதி முடித்தார்கள். எந்தக் குளத்தில் முழுகினாலும் அந்தப் புகை ஆதிமூலத்தின் தலையை விட்டு இறங்கவில்லை.

ஆற்றங்கரைக் குடிலில் இருந்த சிவகாமவல்லி அம்மையின் காலில் வந்து விழுந்தார்.

“என் பாவம் எப்பத் தீரும், தாயே?”

அம்மை கொல்லையில் கிடந்த இரும்பு உருளையைக் காட்டினார்.

“வீணாப் போற வைக்கோலை இதுல வேக வைங்க, பெரியவரே. புகை வரக் கூடாது.”

ஆள் உயரப் பிரஷர் குக்கர் அது. ஈர வைக்கோலும் தண்ணீரும் போட்டு, மூடியைத் திருகி இறுக்கி, அரை நாள் சூடாக்க வேண்டும். ஆறியபின் திறந்தால் வைக்கோல் கரிச்சேறாகியிருக்கும். பிழிந்து, உருட்டிக் காயவைத்தால் நிலக்கரி போல நின்று எரியும். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகையில்லாமல் நெருப்பு எரிவதை ஊர் வந்து பார்த்தது. சிரித்தவர்களே கூடையோடு வந்தார்கள். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஆதிமூலத்துக்குச் சோறு ருசித்தது.

ஒரு காலையில் கேட்டார்.

“இப்பவாவது தீந்துச்சா, தாயே?”

“வைக்கோலுக்குள்ள இருந்த புகை எங்க போச்சு?”

“எங்க போகும்? வரவே இல்லையே.”

“வாய்க்கால்ல மூணு நாளாத் தவளை கத்தல, பெரியவரே.”

அவர் வாய் திறக்குமுன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இரண்டு கையிலும் செத்த வாத்துகள். பைக்கில் வந்து செத்தவனின் மனைவி பொன்மணி. மூன்று வருடமாக அவள் தெருவை ஒதுக்கிச் சுற்றுவழியில் போனவர் ஆதிமூலம்.

“உங்க கொல்லை வாய்க்கால்லதான் மேஞ்சுதுங்க. பதினாலும் போச்சு. அவரு போனப்புறம் இதுங்கதான் எனக்குச் சோறு போட்டுச்சு.”

கரியைப் பிழிந்த கறுப்புத் தண்ணீரை அவர் தினமும் அந்த வாய்க்காலில்தான் கொட்டினார். கருகிய வெல்லம் போல வாசனை வரும். தண்ணிதானே என்று நினைத்தார்.

பொன்மணி வாத்துகளை அவர் காலடியில் வைத்தாள்.

“அன்னிக்குப் புகை. இன்னிக்குத் தண்ணியா, பெரியப்பா?”

அவள் போய்விட்டாள். ஆதிமூலம் தரையில் உட்கார்ந்து அழுதார்.

“தண்ணியப் பத்தி நீங்க சொல்லலையே, தாயே.”

“சொல்லல. புகையை மட்டும் பாத்தேன். அதுல எனக்கும் பங்கு உண்டு.”

நேற்றுப் பிழிந்த தண்ணீர் அண்டாவில் தளும்பி நின்றது. ஆதிமூலம் அதைப் பார்க்கவே பயந்தார்.

“இதை எங்க கொட்ட? ஆத்துலயா? குழி வெட்டியா?”

“எங்கயும் கொட்டக் கூடாது. இன்னிக்கு வைக்கோலை இதுலயே வேக வைங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இதுலயே.”

“எத்தனை நாளைக்கு, தாயே?”

வாத்துகளைப் புதைக்க அம்மை மண்வெட்டியை எடுத்தார்.

“ஊர்ல அறுப்புன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும்.”