நயமான பேச்சு

மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி ஓடிவந்தான் சீடன் பரிதிவாணன்.

"வென்றுவிட்டோம், தாயே."

மடத்தின் குரு சிவகதி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரை?"

"வசையை. நம் இணையச் சபையில் சாதி சொல்லித் திட்டுவோர் பெருகியிருந்தார்கள் அல்லவா? செயற்கை நுண்ணறிவைக் காவலுக்கு வைத்துவிட்டேன். இழிசொல் வந்தால் கண் இமைப்பதற்குள் நீக்கிவிடுகிறது. காலையிலிருந்து சபை கோயில் குளம்போல் தெளிந்திருக்கிறது."

"கோயில் குளத்தை அண்மையில் பார்த்தாயா?"

அவன் சிரித்தான். மகிழ்ச்சி அவனை உட்கார விடவில்லை.

அப்போது பொற்கலை உள்ளே வந்தாள். நெடுநாளாகச் சபைக்கு வருபவள். தோளில் பை இருந்தது.

"விடைபெற வந்தேன், தாயே. சபையில் ஒரு கேள்வி கேட்டேன். வெறுப்புப் பேச்சு என்று அழித்துவிட்டார்கள். இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது?"

பரிதிவாணன் பதறித் தேடினான். நீக்கப்பட்டவற்றுள் அது இருந்தது.

'திருவிழாப் பந்தியில் என்னை எச்சில் பொறுக்கி என்று திட்டி எழுப்பிவிட்டார்கள். எவரும் ஏன் தடுக்கவில்லை?'

"அந்தச் சொல்லைக் கண்டதும் நீக்கியிருக்கிறது. சிறு பிழைதான், தாயே. திருத்திவிடலாம்."

"நீக்காமல் விட்டவற்றுள் அந்தப் பந்தியைப் பற்றி ஏதேனும் உண்டா?"

"ஒன்று உண்டு. நயமான பேச்சு என்று முதலிடமே தந்திருக்கிறது."

"நம் வழக்கப்படி வாசி."

ஒருவரைப் பற்றிய சொல்லை அவர் முகம் பார்த்தே சொல்ல வேண்டும் என்பது அம்மடத்து வழக்கம். சபை இணையத்துக்குப் போனபோது அதை யாரும் உடன் எடுத்துச் செல்லவில்லை.

பரிதிவாணன் பொற்கலையின் முகம் பார்த்து வாசிக்கத் தொடங்கினான்.

"அன்பர்களே, பணிவான வேண்டுகோள். அவரவர் இடத்தில் இருப்பதே அனைவர்க்கும் அழகு. பொற்கலை அம்மையாரும் அவர் உறவினரும் பந்தியில் அமராமல், பின்வாசலில்..."

குரல் நின்றது.

"ஏன் நிறுத்திவிட்டாய்? அதில் ஓர் இழிசொல்லும் இல்லையே," என்றார் அம்மையார்.

"முடியவில்லை, தாயே."

"இயந்திரத்துக்கு முடிந்தது."

"படியுங்கள், அண்ணா. கேட்டுப் பழகிய காதுதான்," என்றாள் பொற்கலை. "அன்று எங்கள் வரிசைக்கு ரசம் ஊற்றியவர் நீங்கள்தானே. என்னை எழுப்பியபோது உங்கள் கை நிற்கவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டீர்கள்."

அவன் முகம் வெளுத்தது. திரையின் பக்கம் குனிந்துகொண்டான். பிறகு ஏதோ தோன்றியவனாய் நிமிர்ந்தான். கண்கள் மீண்டும் ஒளிர்ந்தன.

"கற்பித்துவிடலாம், தாயே. நயமாக வரும் நஞ்சு எது, நொந்தவர் சொல்லும் சொல் எது என்று ஆயிரமாயிரம் எடுத்துக்காட்டுகள் தந்தால் அது பிரித்தறியும். இவர் கேள்வியை இப்போதே மீட்கிறேன். விடை எழுதவும் அதற்குத் தெரியும். எவரும் ஏன் தடுக்கவில்லை என்று அதனிடமே கேட்டு, மிக அழகாக ஒரு விடையை..."

அம்மையார் மடிக்கணினியின் மேல் கை வைத்தார்.

"அது அந்தப் பந்தியில் இல்லை, பரிதிவாணா. நீ இருந்தாய்."