குகைமீனுக்கு வீட்டுப்பேர் மாறிய கதை

அந்தக் காலத்தில் மீனும் வௌவாலும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. எல்லா உயிர்களுக்கும் பேர் வைத்தவள் சிலம்பாயி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வீட்டுப்பேர், பின்னால் ஒரு சொந்தப்பேர். வைத்த பேரை மாற்றுவதில்லை என்பது அவள் வாக்கு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் இருட்டென்றால் அவளுக்கு ஆகாது. குகையில் உள்ள உயிர்களுக்குப் பேர் வைக்கப் போனவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள யாரு யாரு இருக்கா?" என்று வௌவாலைக் கேட்டாள்.

"எல்லாம் வெளுத்துக் கெடக்குதுங்க. ஒண்ணுக்கும் கண்ணு கெடையாது."

"அப்போ எல்லாம் ஒரே வீடுதான்" என்றவள், பூச்சி முதல் மீன்வரை அத்தனைக்கும் 'இருட்டன்' என்றே வீட்டுப்பேர் வைத்தாள். மீன் 'இருட்டன் நெளியன்' ஆயிற்று. வேலை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு கோடையில் குகைச்சுனை வற்றியது. நெளியன் பாறை இடுக்கு வழியாக ஆற்று மடுவுக்கு வந்தது. அங்கே மூத்த கெளுத்தி மீசையை விறைத்துக்கொண்டு வழிமறித்தது.

"பேரு என்ன?"

"இருட்டன் நெளியன்."

"இது கெளுத்தி வீடு. இருட்டனுக்கு இங்க என்ன வேலை? போ, போ."

திரும்பிய நெளியன் குகைக்குள் மிச்சமிருந்த சேற்றில் கிடந்து மூச்சுக்குத் தவித்தது. வௌவால் பதறிப்போய்ச் சிலம்பாயியை அழைத்துவந்தது. பாவம், அவள் நடுங்கியபடியே தீப்பந்தத்தோடு உள்ளே நுழைந்து மீனைக் கையில் எடுத்தாள். சுருக்கென்று அதன் முள் குத்தியது.

கை விண்விண்ணென்று கடுத்தது. அந்தக் கடுப்பு அவளுக்குப் பழக்கம்தான். ஆற்றில் கெளுத்தி குத்தினாலும் இதே கடுப்பு. பந்தத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். கண்தான் இல்லை. மீசை, முள், வழவழப்பான தோல் எல்லாம் அச்சு அசல் கெளுத்தி. அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"பேரை மாத்தினா ஊரே சிரிக்குமே அம்மா" என்றது வௌவால்.

"சிரிக்கட்டும். என் வாக்கைக் காப்பாத்த இது சாகணுமா?"

மடுவுக்கு ஓடினாள். "இனி இது கெளுத்தி நெளியன். சொந்தப்பேரு அப்படியே இருக்கட்டும், இல்லாட்டி தெரிஞ்சவங்க இதை எப்படித் தேடுவாங்க?" என்று சொல்லி நீரில் விட்டாள். மூத்த கெளுத்தி ஒதுங்கி வழிவிட்டது. சிலம்பாயி மற்ற இருட்டன்களையும் பார்க்கக் குகைக்கே திரும்பினாள்.

அன்று முதல்தான், யாராவது விளக்கோடு குகைக்குள் போய்க் கிட்டத்தில் பார்த்து உண்மையான உறவைக் கண்டுகொள்ளும்போதெல்லாம், அங்குள்ள உயிரின் அறிவியல் பெயரில் வீட்டுப்பேர் போன்ற முன்பாதியான பேரினப் பெயர் மாறுகிறது. சொந்தப்பேர் போன்ற பின்பாதி பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.