பிடி சூழ்ந்த சுனை

யானைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெடும்பொறை நாட்டைக் காரி நங்கை என்பவள் ஆண்டுவந்தாள். நாடு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு மொட்டைக் குன்று, அதன் காலடியில் வரகும் சாமையும் விளையும் சில ஊர்கள், ஆட்டுக்கிடைகள், எந்தக் கோடையிலும் வற்றாத ஒரு சுனை. அவ்வளவுதான். பேரரசர்களின் படைகள் தெற்கே போனாலும் வடக்கே போனாலும் அந்த நாட்டைத் தாண்டித்தான் போயின. ஒருவரும் நின்று அதன் பெயரைக் கேட்டதில்லை.

காரி நங்கைக்கு அதில் வருத்தம் கிடையாது. "பெயர் தெரியாத வரைக்கும் நம்மை யாரும் வெல்ல மாட்டார்கள்" என்று சிரிப்பாள்.

அவளுக்கு முன் ஆண்டவன் அவளுடைய அண்ணன். அவன் காய்ச்சலில் கிடந்தபோது, குன்றுக்குக் கிழக்கே மடம் கட்டியிருந்த விமலசிவர் பக்கத்திலேயே இருந்து மருந்து அரைத்துக் கொடுத்தார். மருந்து பலிக்கவில்லை. கண் மூடுமுன் அண்ணன், மடத்துக்கு நிலம் தருவதாகச் சொல்லிவிட்டான். சொன்னவன் போய்விட்டான். சொல் மட்டும் தங்கையின் மடியில் வந்து விழுந்தது.

அந்த நாட்டில் நிலம் கொடுப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிடியை, அதாவது பெண் யானையை, எல்லை தொடங்கும் தலைக்கல்லின் அருகிலிருந்து தனியே நடக்க விடுவார்கள். அவளை யாரும் ஓட்டக் கூடாது, தொடக் கூடாது, அவளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் அடி பட்ட இடமெல்லாம் எல்லை. பின்னால் வருபவர்கள் ஒவ்வொரு அடியிலும் ஒரு கள்ளிக் கொம்பை நடுவார்கள். நட்டதைப் பிடுங்க அரசனுக்கும் உரிமை இல்லை. சுற்றி வந்து மறுபடி தலைக்கல்லைத் தொட்டால் எல்லை மூடியது என்று பொருள்.

நடக்குமுன், நாட்டை ஆள்பவர் தன் கையால் பிடிக்குக் கவளம் ஊட்ட வேண்டும். போதும் என்று அவளாக முகத்தைத் திருப்பும்வரை ஊட்ட வேண்டும். பசித்த யானை எல்லை போடலாகாது என்பது அதன் கருத்து.

நெடும்பொறை நாட்டின் பிடிக்கு மையாள் என்று பெயர். கண்மை போன்ற கறுப்பு. காரி நங்கையைக் குழந்தையில் முதுகில் சுமந்தவள். அந்த உரிமையில் அவளைப் பெண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மையாளுக்கு ஒரு பெருமை உண்டு. அது அந்தக் காலத்து யானைகள் எல்லாவற்றுக்கும் இருந்த பெருமைதான். நடக்கும்போது அவை தரையைப் பார்ப்பதில்லை. தலையை நிமிர்த்தி, துதிக்கையைச் சுருட்டி நெற்றியில் வைத்துக்கொண்டு, கால் போன போக்கில் நடந்தன.

"கீழே பார்த்து நடக்கக் கூடாதா?" என்று காரி நங்கை கேட்டால், "நான் ஏன் மண்ணைப் பார்க்க வேண்டும் பெண்ணே? மண் என்னைப் பார்த்து ஒதுங்கட்டும்" என்பாள்.

எல்லை எப்படிப் போக வேண்டும் என்று முன்பே பேசி முடித்திருந்தார்கள். தலைக்கல்லிலிருந்து இலுப்பை மரம். அங்கிருந்து சுனைக்கு இப்பால் திரும்பி, ஓடைக்கரை வழியே மறுபடி தலைக்கல். சுனை இடையர்களுக்கு. அதை விட்டால் அவர்களுடைய ஆடுகளுக்கு நாட்டில் வேறு தண்ணீர் இல்லை. அதுவும் மழை பொய்த்துப் பொய்த்து, ஓடையே மணலாகக் கிடந்த காலம்.

இடையர்களின் தலைவன் ஏறன் தலைக்கல்லுக்கு வந்து காரி நங்கையின் முன் நின்றான்.

"ஆத்தா, யானை சுனைக்கு அந்தப் பக்கம் கால் வைச்சுட்டா நாங்க மந்தையை ஓட்டிக்கிட்டு நாட்டை விட்டே போறதுதான். சொல்லிட்டேன்."

"வைக்க மாட்டாள். என்னைவிட அவளுக்குச் சுனை தெரியும்."

"உங்க வார்த்தையை நம்பித்தான் பெண்டு பிள்ளைங்களைக் கிடையில விட்டுட்டு வந்திருக்கேன்."

"நம்பியது வீண் போகாது, ஏறா. போய் நில்" என்றாள் காரி நங்கை. அவளுக்கு அதில் துளி ஐயமும் இல்லை.

பிறகு கவளம் ஊட்டினாள். சாமைச் சோற்றை உருட்டி உருட்டி மையாளின் வாயில் வைத்தாள். அண்டாவில் பாதிக்கு மேல் போவதற்குள்ளேயே மையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற நாட்களில் அண்டாவைக் கவிழ்த்து நக்குகிறவள். காரி நங்கைக்கு அது கண்ணில் படாமல் இல்லை. ஆனால் களஞ்சியத்தில் மிச்சம் இருப்பது எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். மீந்தது நல்லதாயிற்று என்று நினைத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டாள்.

மையாள் நடக்கத் தொடங்கினாள். பின்னால் காரி நங்கை, அவளுக்குப் பக்கத்தில் விமலசிவர், அவருக்குப் பின்னால் மடத்துக் காரியக்காரன், ஊரார், இடையர்கள். கள்ளி நடுகிறவன் அடிக்கு ஒரு கொம்பாக நட்டுக்கொண்டே வந்தான். இலுப்பை மரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

"அரசி போல நடக்கிறாள்" என்றார் விமலசிவர்.

"அரசிகள் இவ்வளவு நன்றாக நடப்பதில்லை, சுவாமி" என்றாள் காரி நங்கை.

அப்போது மேல்காற்று அடித்தது. காற்றில் ஒரு வாசனை வந்தது. வெல்லப்பாகில் தோய்த்த கரும்பின் வாசனை. மனிதர் மூக்குக்கே எட்டியது என்றால் யானைக்கு எப்படி இருந்திருக்கும்! மையாளின் தலை நிமிர்ந்தபடியே இருந்தது. ஆனால் கால்கள் திரும்பின. சுனைக்கு இப்பால் போக வேண்டிய கால்கள் சுனையைத் தாண்டின, அப்பால் போயின, அங்கே ஒரு காரைப்புதருக்குப் பின்னால் போய் நின்றன. புதருக்குள் கட்டுக் கட்டாகக் கரும்பு கிடந்தது.

மையாள் அதை இழுத்து மெல்லத் தொடங்கினாள்.

இடையர்களிடமிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. கள்ளி நடுகிறவன் கையில் கொம்போடு அப்படியே நின்றுவிட்டான். அவன் முன்னால் சுனைக்கு அப்பால் யானையின் அடிகள், ஈரமண்ணில் ஆழமாக, வட்ட வட்டமாகக் கிடந்தன. அவன் காரி நங்கையின் முகத்தைப் பார்த்தான்.

விமலசிவர் கரும்பைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் காரியக்காரனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான்.

"நாச்சியார்," என்றார் விமலசிவர் மெல்ல, "அந்தக் கரும்பை நான் வைக்கச் சொல்லவில்லை. யார் வைத்தது என்று இப்போது தெரிகிறது. அவனை மடத்தில் வைத்துக் கவனித்துக்கொள்கிறேன். ஆனால் பிடி அடி வைத்த இடம் எல்லை. இந்த வழக்கம் நான் கொண்டுவந்ததில்லை. உங்கள் முன்னோர் வழக்கம்."

"மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லையே, சுவாமி" என்றாள் காரி நங்கை. கள்ளி நடுகிறவனைப் பார்த்து, "நடு" என்றாள்.

"ஆத்தா!" என்று ஏறன் பாய்ந்து முன்னால் வந்தான். "இதுக்குத்தான் நம்பச் சொன்னீங்களா? கரும்புக்குக் காலை விக்கிற யானை, அதுக்குக் கள்ளி நடச் சொல்ற நாச்சி! நல்லா இருக்கு நாடு!"

"நடு" என்று மறுபடி சொன்னாள் அவள். குரல் உயரவில்லை. இன்றைக்கு ஒரு கொம்பை நடாமல் விட்டால் நாளைக்கு நாட்டில் எந்தக் கொம்பும் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். ஏழை எளியவர்களின் காணிக்கும் அந்தக் கள்ளிதானே வேலி. முதலில் பிடுங்கப்படுவது அவர்களுடையதாகத்தான் இருக்கும்.  

கள்ளி ஏறியது. சுனைக்கு அப்பால், ஒவ்வோர் அடியிலும் ஏறியது.

அந்த ஓலம் மையாளின் காதில் விழுந்தது. வாயில் கரும்போடு திரும்பினாள். தனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சுனை இருப்பதைக் கண்டாள். தன் அடிகளையும் அவற்றில் நிற்கும் கொம்புகளையும் கண்டாள். மென்றது கீழே விழுந்தது.

"பெண்ணே," என்றாள். "நான் நிறைந்து முகத்தைத் திருப்பவில்லை. உன் களஞ்சியத்தின் அடித்தரை எனக்குத் தெரிந்தது. உன் மக்களுக்கு மிஞ்சட்டும் என்று திருப்பினேன். வாயால் ஒரு பொய் சொல்லவில்லை, முகத்தால் சொன்னேன். பசித்த காலோடு வந்துவிட்டேன்."

காரி நங்கை ஓரடி முன்னால் வந்து நின்றாள். பதில் சொல்ல முடியாது. நடக்கும் பிடியோடு ஒரு வார்த்தை பேசினாலும் எல்லை கெட்டுவிடும், அண்ணன் சொல்லும் கெட்டுவிடும். அது உன் பொய் மட்டும் இல்லை, அதைப் பார்த்தும் பேசாமல் கை கழுவியவள் நான் என்று சொல்ல நெஞ்சு முட்டியது. விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கிய அந்த நொடியில்தான் அவளுக்கு ஒன்று பட்டது. மையாளைப் பார்க்காமல் விமலசிவர் பக்கம் திரும்பினாள். திரும்பி, தேவைக்கு மேல் உரக்கப் பேசினாள்.

"சுவாமி, பிடி இன்னும் தலைக்கல்லுக்குத் திரும்பவில்லை, இல்லையா?"

"இல்லை."

"திரும்பும்வரை அவள் எங்கே அடி வைத்தாலும் எல்லைதானே?"

"அதில் என்ன ஐயம்?"

"ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால்?"

விமலசிவர் புன்னகைத்தார். இன்னும் கொஞ்சம் நிலம் தானாக வருகிறது என்று எண்ணினாரோ என்னவோ. "எத்தனை முறை சுற்றினாலும் அடி அடிதான், நாச்சியார்."

"ஊரார் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றாள் காரி நங்கை.

ஊரார் கேட்டார்களோ இல்லையோ, முறம் போன்ற இரண்டு காதுகள் கேட்டன.

மையாள் நெற்றியில் சுருட்டி வைத்திருந்த துதிக்கையை அவிழ்த்தாள். அதுவரை எந்த யானையும் செய்யாததைச் செய்தாள். அதன் நுனியைத் தரையில் வைத்தாள். மண்ணை முகர்ந்தாள். இங்கே ஈரம், இங்கே ஆட்டுக்குளம்பு, இங்கே ஒரு குழந்தை குடத்தை வைத்து எடுத்த வட்டம். மண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்டாள். கேட்ட பிறகே ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மறுபடி நுனியை வைத்தாள், கேட்டாள், அடுத்த காலை வைத்தாள். கரும்புக் கட்டுகளுக்கு நடுவிலேதான் நடந்தாள். ஒன்றையும் தொடவில்லை.

வந்த வழியே திரும்பவில்லை அவள். சுனையின் மறு ஓரத்தைப் பிடித்து, தண்ணீரை உரசிக்கொண்டு, முதலில் போயிருக்க வேண்டிய இப்பக்கத்துப் பாதையில் வளைந்து வந்து, இலுப்பை மரத்தடியில் தன் பழைய அடியிலேயே புதிய அடியைப் பதித்தாள். இப்போது சுனையைச் சுற்றி ஒரு முழு வளையம் விழுந்துவிட்டது. கள்ளி நடுகிறவன் கேட்காமலே நட்டுக்கொண்டு வந்தான். அவன் கை முன்னைவிட வேகமாக ஓடியது.

அங்கிருந்து மையாள் மறுபடி அதே இப்பக்கத்துப் பாதையில் வந்து, ஓடைக்கரை வழியே, முகர்ந்து முகர்ந்து நடந்து, தலைக்கல்லைத் தொட்டு நின்றாள். எல்லை மூடியது.

விமலசிவர் நெற்றியைச் சுருக்கினார். "நாச்சியார், இது என்ன கணக்கு?"

"எளிய கணக்குத்தான், சுவாமி. சுனைக்கு அப்பாலும் எல்லை விழுந்தது, இப்பாலும் எல்லை விழுந்தது. இப்பக்கத்துக் கள்ளிக்கு உள்ளே இருப்பது மடத்து நிலம். அப்பக்கத்துக் கள்ளிக்கு வெளியே இருப்பது இடையர் நிலம். இரண்டு கள்ளிக்கும் நடுவில் இருப்பது மடத்துக்கும் இல்லை, இடையருக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

"அப்போ அது யாருக்கு ஆத்தா?" என்றான் ஏறன். 

"தாகம் எடுத்தவருக்கு. நீ உன் பக்கமிருந்து வந்து குடி. சுவாமி அவர் பக்கமிருந்து வந்து குடிக்கட்டும்."

விமலசிவர் இரண்டு பக்கத்துக் கள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எத்தனை முறை சுற்றினாலும் அடி அடிதான் என்று நானே சொன்னேன். ஊரே கேட்டது. என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டீர்கள். நல்லது, அண்ணன் சொல்லும் நின்றது, ஆடும் பிழைத்தது." காரியக்காரனைப் பார்த்து, "மீதிக் கரும்பை உன் தலையில் தூக்கிக்கொண்டு போய் அந்த யானைக்குப் போடு" என்றார்.

ஏறன் மையாளின் முன்னால் போய் நின்றான். "கரும்புக்குக் காலை விக்கிற யானைன்னு உன்னைச் சொல்லிட்டேன். மனசுல வைக்காதே தாயே" என்றான். மையாள் அவன் தலைமேல் துதிக்கையை வைத்து எடுத்தாள். பதில் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தது. எல்லை மூடிவிட்டதால் இனிப் பேசலாம். காரி நங்கை மிச்சமிருந்த அண்டாவைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நானும் பார்த்தேன், மையா. நீ முகத்தைத் திருப்பியதைப் பார்த்துவிட்டு, மீந்ததே என்று மகிழ்ந்தேன். உன்மேல் மட்டும் இல்லை பிழை. ஏதாவது பேசு."

மையாள் பேசவில்லை. பசியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு, காத்திருக்க வேண்டிய நேரத்தில் திறந்துகொண்ட வாய் அது. இனி அதற்குத் தின்னும் வேலை போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். மண் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் தான் பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. துதிக்கையின் நுனியால் காரி நங்கையின் பாதத்தைத் தொட்டாள், கையைத் தொட்டாள், ஈரமாக இருந்த கன்னத்தைத் தொட்டாள். பிறகு கவளத்துக்கு வாயைத் திறந்தாள். அண்டா காலியாகும்வரை முகத்தைத் திருப்பவே இல்லை.

காரி நங்கை அதற்குப் பின்னும் நெடுங்காலம் நாட்டை ஆண்டாள். ஒவ்வொரு நாளும் காலையில் யானைக்கொட்டிலுக்குப் போய், பெண்ணே என்ற அந்த அழைப்புக்காகச் சற்று நேரம் காத்து நிற்பாள். அது வரவே இல்லை. ஆனால் அவள் நிற்கும் மண்ணை ஒரு துதிக்கை நுனி வந்து மெல்ல முகர்ந்து போகும். மையாளின் கன்றுகள் தாயைப் பார்த்துப் பழகின. அவற்றைப் பார்த்துக் காட்டு யானைகளும் பழகின.

இன்றைக்குக் கோயில் வீதியின் தார்ச்சாலையில் மணி கட்டிக்கொண்டு வருகிற யானையைப் பாருங்கள். துதிக்கை நுனியைத் தரையில் வைக்கும், கேட்கும், பிறகுதான் கால் எடுத்து வைக்கும். அச்சம் என்று நினைக்காதீர்கள், அவ்வளவு பெரிய உடம்புக்கு மண்ணிடம் என்ன அச்சம்? கள்ளி நட்ட அந்தச் சுனையோரத்தில் மையாள் மண்ணைக் கேட்டு நடந்தாளே, அன்று தொடங்கியதுதான் யானைகளின் இந்த நடையும், இந்த மௌனமும்.