சகலை வண்டிக்கு இரும்பு

"அவனுக்கு இரும்பு. எனக்கு ரப்பரா?"

கேட்டவர் பொங்கியண்ணன். கேட்டபோது அவர் முன்னால் ஒரு தட்டு மண்ணெண்ணெய் இருந்தது. சிஷ்யர் அல்லவா, நட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

குருவோ ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள்.

குருவின் பெயர் தவமணி. வயது முப்பத்தெட்டு. சிங்காநல்லூரில் பட்டறை. இன்ஜின் மேல் காதை வைத்தால் போதும், போன வாரம் அது எந்த பங்க்கில் பெட்ரோல் குடித்தது என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவை லாரி ஒன்றின் மேல் காதை வைத்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குது, டிரைவருக்குத்தான் வயித்துல புண்ணு" என்றாள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார்கள். புண் இருந்தது.

சிஷ்யருக்கு அறுபத்தொன்று. பம்பு செட்டுப் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் அவளிடம் வந்து பாடம் கேட்கிறார்.

அவரிடம் பழைய அமெரிக்க வண்டி ஒன்று உண்டு. எட்டு சிலிண்டர். மெரூன் நிறம். அதன் மூக்கு முச்சந்திக்கு வந்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வால் வரும்.

அவருடைய சகலை திருமூர்த்தியிடமும் அதே வண்டி. அதே வருஷம். நிறம் மட்டும் கறுப்பு. பெண்டாட்டிகள் அக்கா தங்கை. வண்டிகளும் அக்கா தங்கை.

ஆனால் திருமூர்த்தி வண்டியைக் கிளப்பினால், மூன்று தெரு தள்ளித் தென்னையிலிருந்து இளநீர் விழும். பொய் இல்லை. விழுந்ததில் இரண்டை நானே குடித்திருக்கிறேன்.

பொங்கியண்ணன் கிளப்பினால், கிளம்பிவிட்டதா என்று அவரே இறங்கிப் பார்க்க வேண்டும்.

தவமணி வெளியே வந்தாள்.

"எந்த இரும்புங்ண்ணா?"

"மவுண்டிங்தானுங் மேஸ்திரி. இன்ஜின் உக்காருதே, அந்தத் துண்டு. அவன்ற வண்டியில ரெண்டு பக்கமும் கட்டி இரும்பு. போட்டது நீங்க. என்ற வண்டியில தகட்டுக்கு நடுவுல ரப்பர். அதைப் போட்டதும் நீங்க."

"அவரு பந்தயத்துக்கு ஓட்டறாருங். மிதிக்கிற மிதிக்கு ரப்பர் பிஞ்சுரும்."

"நான் சிஷ்யன். அவன் வெறும் வாடிக்கைக்காரன்."

தவமணி கையைத் துடைத்தாள். அலமாரியிலிருந்து இரண்டு மவுண்டிங் எடுத்தாள். இரும்பை அவருடைய முழங்கால் மேல் வைத்தாள். சுத்தியலால் ஒரு தட்டு.

"அம்மோவ்!"

ரப்பரை வைத்தாள். அதே தட்டு.

அவர் முழங்காலைக்கூட அசைக்கவில்லை.

"தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங். இத்தனை வலியைச் சகலை தாங்கறான். என்னால முடியாதா? இரும்பே போடுங்க."

தவமணி மறுபடியும் காருக்கு அடியில் போய்விட்டாள்.

*

விஷயம் இதுதான். இரண்டு சகலைகளுக்கும் பொதுவான மச்சான் மகளுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மேளத்தோடு ஊர்வலம்.

மாப்பிள்ளைக்குப் போன வருஷம்தான் முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் மச்சான் இரண்டு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கறுப்பிலிருந்து இறங்கியவர் அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. மெரூனில் தூங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை பொங்கியண்ணன் வண்டியில வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அது பெரிய மரியாதை. அந்த மரியாதைக்காகவே வண்டி வாங்கி வைத்துவிட்டு, சொந்தத்தில் பெண் பிறக்காதா என்று காத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

"மாப்பிள்ளை ஏறப்போறது உங்க வண்டிதானுங்களே" என்றாள் தவமணி, அடியிலிருந்து.

"அதுதானுங் கஷ்டமே. முன்னால என்ற வண்டி பூனையாட்டம் போகும். பின்னால அவன்ற வண்டி வரும். ஊரு எதைத் திரும்பிப் பாக்கும்? சொல்லுங்க."

"இரும்பு போட்டா வெளிய சத்தம் ஏறாதுங்ண்ணா. நடுக்கந்தான் கூடும்."

"கூடட்டும்."

"மாப்பிள்ளை பாதி வழியில எறங்கிக்குவாரு. உங்க வண்டியும் இல்லாம, அவரு வண்டியும் இல்லாம, வாடகைக் காருல வந்து எறங்குவாரு."

பொங்கியண்ணன் ஒரு நட்டை மூன்றாம் முறையாகக் கழுவினார்.

"ஆனா நான் போறது அவனுக்குக் கேக்குமில்லீங்க" என்றார்.

*

திங்கட்கிழமையே வந்து நின்றார். பட்டறைக்கு லீவு நாள்.

"சகலை வண்டியைக் கிட்டப்போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் தவமணி.

"தினம் பாக்கறேன்."

"பாக்கறது ரோட்டுல. கதவைத் திறந்து பாத்துட்டு வாங்க."

போனார். சகலை வாசலிலேயே நின்றார்.

"வாங்க சகலை. எதுல வந்தீங்க? சத்தமே காணோம், நடந்தா?"

"வண்டியிலதான்."

"அடடே, உங்க வண்டியிலயா! நம்ம பால்காரன் சைக்கிள்னு நெனச்சுட்டேன். அவனாவது மணி அடிப்பான்."

பொங்கியண்ணன் கதவைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னங் பாத்தீங்க?" என்றாள் தவமணி.

"டேஷ்போர்டுல நீளத்துக்கு விரிசல். உள் கண்ணாடியை டேப்பு போட்டு ஒட்டியிருக்கான். கதவுல மூணு ஸ்குரூ உதிர்ந்துபோச்சு. ரேடியேட்டரைக் கம்பி போட்டுக் கட்டியிருக்குது."

"அப்புறம்?"

"ஏறி உக்காந்தேன். கிளப்பிக் காட்டினான். என்ற பல்லு செட்டு கழண்டு மடியில விழுந்துருச்சு."

"அப்புறம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். 

"என்ற வண்டியில ஒரு விரிசல்கூட இல்லீங்களே மேஸ்திரி."

தவமணி அவரை வெகுநேரம் பார்த்தாள். இன்ஜின் மேல் காதை வைத்தால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

"வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றாள். "புதன்கிழமை வாங்க."

*

புதன்கிழமை காலை. மெரூன் வண்டியின் முன்பக்கம் காலியாக இருந்தது. இன்ஜின் தனியாகச் சங்கிலிக் கப்பியில் தொங்கியது, கசாப்புக் கடையில் தொங்குகிற மாதிரி.

மேஜை மேல் இரும்பு இரண்டு. ரப்பர் இரண்டு.

"நாளைக்கு ஊர்வலம்" என்றாள் தவமணி. "மத்தியானத்துக்குள்ள இன்ஜினை எறக்கியாகோணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க. சொன்னதை மாட்டறேன். மறுபேச்சு இல்லை."

பொங்கியண்ணன் மூச்சை இழுத்துவிட்டார்.

"இரும்பு."

"சரிங்."

அவள் இரும்பை எடுத்தாள். போல்ட்டும் எடுத்துவைத்தாள். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"டீ வந்துருச்சு. குடிச்சுட்டு மாட்டலாம். உள்ள ஏறி உக்காருங்ண்ணா, நானும் வர்றேன்."

இன்ஜின் இல்லாத வண்டியில் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் ஸ்டியரிங் பக்கம். அவள் மறுபக்கம். அவள் தன் கிளாஸை டேஷ்போர்டு மேல் வைத்தாள். அவர் கையில் பிடித்துக்கொண்டார். இரண்டும் விளிம்பு வரை நிறைந்த டீ.

"நாளைக்கு என்ன சட்டைங் போடறீங்க?"

"பட்டுச் சட்டை. சந்தன நிறம்."

"மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கும் சந்தன நிறந்தான். நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எடுத்தேன்."

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு அது.

அப்போது எங்கேயோ தூரத்தில், ஒண்டிப்புதூர்ப் பக்கமாக, ஒரு உறுமல் கேட்டது.

சாதாரண மனுஷனுக்குக் கேட்காது. லாரி போகிறது, பஸ் போகிறது, பக்கத்து மாவு மில் ஓடுகிறது. அத்தனைக்கும் நடுவில் பொங்கியண்ணனுக்கு அது மட்டும் கேட்டது.

பேச்சை நிறுத்தினார். கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

அவர் கையிலிருந்த கிளாஸ் தளும்பியது. வேட்டியில் ஒரு சொட்டு. உறுமல் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. இன்னொரு சொட்டு. பிறகு பாதி டீயும் மடியில்.

அவர் துள்ளவில்லை. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

தவமணியின் கிளாஸ் டேஷ்போர்டு மேல் அப்படியே நின்றது. மேலே படிந்திருந்த ஏடுகூடச் சுருங்கவில்லை.

"ஏனுங்ண்ணா."

"ம்?"

"உங்க இன்ஜின் அங்க சங்கிலியில தொங்குது."

அவர் பார்த்தார். தொங்கியது.

"இங்க ஆடறது யாரு இன்ஜினுங்?"

பொங்கியண்ணன் கையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். டேஷ்போர்டு மேலிருந்த கிளாஸை வெகுநேரம் பார்த்தார்.

உறுமல் தெருமுனைக்கு வந்துவிட்டது.

சடாரென்று சீட்டில் சரிந்து, தலையைக் கண்ணாடிக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

"அந்தப் பாவி தாண்டிப் போகட்டுமுங் மேஸ்திரி" என்றார் ரகசியமாக. "அப்புறம் ரப்பரையே மாட்டுங்க."