இரண்டு ரொட்டியின் கனம்

புனித அவ்தா, தலை வெட்டப்பட்ட பிறகு, அந்தத் தலையைத் தானே கையில் ஏந்தி மூன்று மைல் நடந்து மடத்துக்கு வந்தாள் என்று பிராங்கு நாட்டில் பலரும் நம்புகிறார்கள். இது மிகப் பெரும் பிழை. திருத்தாமல் விடுவது அறமாகாது.

இரண்டு மைல்தான்.

இன்னொரு சிறு திருத்தமும் உண்டு. தலையைச் சுமந்து வந்தவள் அவ்தா அல்ல. மடத்துச் சமையற்காரி பெர்த்தாரா.

அவ்தா வெட்டப்பட்டுப் பத்து ஆண்டு கழித்து, அவள் திருநாளுக்கு முந்தின நாள், பெர்த்தாரா அகப்பையோடு மடத்தலைவியிடம் வந்தாள். மடத்தலைவி இன்கில்தா அவளைவிட முப்பது வயது இளையவள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, அவள் நடந்து வந்தாளாம்!"

"குருவானவர் அப்படித்தான் வரலாறு எழுதியிருக்கிறார்."

"அப்போது நான் எங்கே?"

"சமையற்கட்டில்."

"சிரிக்காதீர்கள். அவளே நடந்து வந்துவிட்டால், சுமந்து வந்தவள் வேண்டாம். சுமந்தவள் இல்லையென்றால் பார்த்தவளும் இல்லை. வெட்டியவன் 'யாரோ ஒரு கொடியவன்'. யாரோவாம்! ராக்னோ பிரபு. அவள் கணவனின் தம்பி. செத்த அண்ணனின் மனைவியைக் கட்டிக்கொள்ளக் கேட்டான், மாட்டேன் என்றாள். பழுப்புக் குதிரை. இடது கையால் வெட்டினான்."

"தலை கனமாக இருந்ததா?"

"அதுவா இப்போது கேள்வி?"

"அதுதான்."

"பெரிய ரொட்டி இரண்டின் கனம். முக்காட்டில் கட்டிக்கொண்டேன். ஓடைப் பாலத்தில் கை மாற்றினேன்."

"யாரிடமாவது சொன்னீர்களா?"

"சொல்லாத ஆள் இல்லை. கிழவி உளறுகிறாள் என்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதைத்தான் நம்புவார்களாம்."

முற்றத்தில் ஒரு பளிங்குச் சவப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. ராக்னோ பிரபு தனக்கென்று அனுப்பியது. புனிதையின் கல்லறையை ஒட்டி அவருக்கு இடம் வேண்டுமாம். அந்நாட்டவர் வழக்கம் அது. இறுதி நாளில் புனிதை எழும்போது, பக்கத்தில் கிடப்பவன் அவள் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடலாம்.

பெர்த்தாரா அகப்பையால் பெட்டியைச் சுட்டினாள்.

"உயிரோடு இருந்தபோது பக்கத்தில் படுக்க மறுத்தாள் என்றுதானே வெட்டினான்? இப்போது மறுக்க அவளுக்கு வாய் எங்கே?"

மடத்தலைவி ஒரு பல் பூண்டை உரித்து முடித்தாள்.

"நாளை விருந்துக்கு ராக்னோ வருகிறார். நீங்கள் வாசியுங்கள்."

"எனக்கு எழுத்து தெரியாதே!"

"ராக்னோவுக்கும் தெரியாது."

"குருவானவருக்குத் தெரியுமே."

"சாப்பாட்டு நேரத்து விதி அவருக்கும் தெரியும்."

விதி இதுதான்: சாப்பிடும்போது ஒருவர் புத்தகம் வாசிப்பார். புத்தகம் திறந்திருக்கும்வரை வேறு யாரும் வாய் பேசக் கூடாது. விருந்தாளியும் கூடாது. பிரபுவும் கூடாது.

பெர்த்தாரா அகப்பையை இடுப்பில் செருகினாள்.

"எந்தப் பக்கம் மேலே?"

"பூச்சி அரித்த மூலை."

மறுநாள் விருந்தில் பெர்த்தாரா புத்தகத்தைத் திறந்தாள். பூச்சி அரித்த மூலை மேலே இருந்தது.

"இரண்டு ரொட்டியின் கனம்" என்று ஆரம்பித்தாள்.

குருவானவர் வாயைத் திறந்தார். மடத்தலைவி திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

பெர்த்தாரா பாலத்தை வாசித்தாள். குதிரையின் நிறத்தை வாசித்தாள். வெட்டிய கை எது என்பதை வாசித்தாள்.

ராக்னோ பிரபு இடது கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

பிறகு பெயரை வாசித்தாள்.

வாசித்து முடித்த பின்னும் புத்தகத்தை அவள் மூடவில்லை. குழம்பு ஆறியது. மெழுகுவத்தி ஒன்று அணைந்தது. ராக்னோ எழுந்து, யாரிடமும் விடைபெற முடியாமல், வெளியே போனார்.

பின்னாளில் அவர் இறந்தபோது வேறு ஊரில் புதைத்தார்கள். பெட்டியை எடுத்துப்போக ஆள் வரவில்லை.

மடத்து வாத்துகள் அதில் குளிக்கின்றன.